நிற்க இயலாத குழந்தையின் உயரம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டித் திருவாலங்காட்டில் நடைபெற்ற பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்தவள் நான். மருத்துவம் என் துறையன்று. பணி ஓய்வு பெற்றபின், மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளின் பெற்றோர் கூடும் இடங்களுக்குச் சென்று, விண்ணப்பங்கள் எழுதித் தருவதும் மருத்துவக் குறிப்புகளைப் படித்து விளக்குவதும் என் வழக்கமாயிற்று. அங்கே கண்டதையும், பின்னர் நூல்களைப் படித்துத் தெளிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. எழுந்து நிற்க இயலாத குழந்தையின் உயரத்தை எவ்வாறு அளப்பது? அளப்பதனால் அக்குழந்தைக்கு என்ன பயன்? இவ்வளவே.

மூளை முடக்குவாதம் என்பது ஒரு நோய் என்பதைவிட ஒரு நிலை என்று கொள்வதே பொருந்தும். கருவிலோ, பிறக்கும் பொழுதிலோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேரும் ஊறு, உடலின் அசைவையும் இருப்பையும் பாதிக்கிறது. மூளையில் நேர்ந்த ஊறு மேலும் பெருகுவதில்லை. ஆனால் அதன் விளைவாகத் தசைகள் இறுகுவதும், மூட்டுகள் மடங்குவதும், முதுகெலும்பு வளைவதும் குழந்தை வளர வளர மிகலாம். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1862ஆம் ஆண்டில் இதனைப் பற்றி விரிவாக எழுதியமையால், நெடுங்காலம் இது லிட்டில் நோய் என்றே அழைக்கப்பட்டது. அவருக்கே இளமையில் ஒரு பாதம் வளைந்திருந்தது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இருவர் அல்லது மூவருக்கு இந்நிலை ஏற்படுகிறது.

அங்கன்வாடியில் பிள்ளைகளை அளக்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். இரண்டு வயது வரை படுக்க வைத்து நீளம் பார்ப்பர். அதன்பின் நிற்க வைத்து உயரம் பார்ப்பர். படுத்த அளவுக்கும் நின்ற அளவுக்கும் 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு என்று கணக்கிட்டு, அதற்கும் திருத்தம் கூறியிருக்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளின் குழந்தைகளை அளந்து, 2006ஆம் ஆண்டில் அவ்வமைப்பு வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்களே இன்று உலகெங்கும் வழங்குகின்றன. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வேறுபாட்டைக்கூட விட்டுவிடாத அந்த அளவுமுறை, குழந்தையிடம் ஒன்றை எதிர்பார்க்கிறது. குதிகாலும் பிட்டமும் தோளும் பின்தலையும் பலகையில் பொருந்த நேராக நிற்க வேண்டும். அவ்வாறு நிற்க இயலாத குழந்தைக்கு என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. உயரத்திற்குரிய கட்டம் வெறுமையாக விடப்படுகிறது.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி தன் ஏழு வயது மகனை இடுப்பில் சுமந்துகொண்டு, பையில் அட்டைகளையும் கோப்புகளையும் நிரப்பி என்னைக் காண வந்தாள். "டீச்சர், எல்லாக் கட்டமும் நிரப்புறாங்க. இவன் உயரம் மட்டும் மூணு வருசமா காலியாவே இருக்கு. இவன் வளர்றானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பின்னர் ஒரு முகாமில், அவள் வற்புறுத்தியதால், அவனைப் படுக்க வைத்து, முழங்கால் மடங்கிய நிலையிலேயே உச்சி முதல் குதிகால் வரை நாடா பிடித்து 92 சென்டிமீட்டர் என்று எழுதித் தந்தார்கள். எடை 13 கிலோ. "உயரத்துக்கு ஏற்ற எடைதான், கவலைப்படாதீர்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்து வேறோர் இடத்தில், இயன்முறை மருத்துவர் ஒருவர் அவனுடைய முழங்கால் உயரத்தை அளந்து, அவனது மெய்யான உயரம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டார்.

இந்த 13 சென்டிமீட்டர் வேறுபாடு என்ன செய்யும் என்று பாருங்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டு எண். 92 சென்டிமீட்டர் என்று கொண்டால் அவனுக்கு அவ்வெண் 15.4 ஆகிறது. ஏழு வயதுச் சிறுவருக்கு உலக நலவாழ்வு அமைப்பின் அட்டவணை கூறும் நடு அளவு 15.5. எனவே தாளில் அவன் குறையற்ற பிள்ளை. 105 என்று கொண்டாலோ அவ்வெண் 11.8 ஆகிறது. 13.1க்குக் கீழ் மெலிவு, 12.3க்குக் கீழ் கடும் மெலிவு. அவனோ அதற்கும் கீழே இருக்கிறான். குழந்தை ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். அளவு பிழைத்தபோது அவனது பசி தாளிலிருந்து மறைந்துவிட்டது. வெறுமையான கட்டம் ஒன்றும் சொல்லாது. பிழையான அளவோ பொய் சொல்லும்.

மருந்துக்கும் இது பொருந்தும். இக்குழந்தைகளில் பலருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஆண்டுக்கணக்கில் எடை பார்க்கப்படாத குழந்தைக்கு மருந்தை ஊகித்தே தர நேரும். ஆகவே அளவு என்பது ஏட்டை நிரப்பும் சடங்கன்று.

இனி, வளைந்த உடலை அளப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு நம் ஊரைச் சார்ந்த ஒரு செய்தியே வழிகாட்டுகிறது. திருவாலங்காட்டு நடராசர் செப்புத்திருமேனி இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் அதன் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து எழுதிய கட்டுரை 1921ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் தூக்கி, இடை ஒசிந்து ஆடும் அந்த உருவத்தை நம் சிற்பிகள் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே நூல் பிடித்து அளக்கவில்லை. அவர்களிடம் தாலமானம் என்னும் அளவுமுறை இருந்தது. முகத்தின் நீளம் ஒரு தாலம். அதில் 12 அங்குலம். நவதாலம் என்னும் முறையில் ஓர் உருவத்தின் முழு உயரம் 108 அங்குலம். அதில் முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து கொப்பூழ், கொப்பூழிலிருந்து அடிவயிற்றின் கீழெல்லை என ஒவ்வொன்றும் 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதத்தின் உயரம் 4. கால் மடங்கினாலும் கணைக்காலின் நீளம் மாறாது. உருவம் எவ்வளவு வளைந்தாலும், ஒரு பகுதியின் அளவைக்கொண்டு முழுமையின் அளவை அறியலாம். எண்சாண் உடம்பு என்று நாம் சொல்வதிலும் இதே அறிவு பொதிந்திருக்கிறது. அவரவர் கையால் அவரவர் எண்சாண்.

சிற்பம் கைகாட்டிய இவ்வழியே மருத்துவமும் சென்றது. ஆனால் சிற்பியின் விகிதம் அழகுக்காக வகுக்கப்பட்டது; மருத்துவரின் விகிதம் உயிருள்ள குழந்தைகளை அளந்து பெறப்பட்டது. அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சார்ந்த குழந்தை மருத்துவர் ரிச்சர்டு ஸ்டீவன்சன், மூளை முடக்குவாதம் உடைய, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென மூன்று வாய்பாடுகளை 1995ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவை பெருக்கலும் கூட்டலும் மட்டுமே உடையவை. நம் பெற்றோர் எவரும் செய்துகொள்ளலாம்.

முதலாவது, முழங்கால் உயரம். குதிகாலின் அடியிலிருந்து, மடக்கிய முழங்காலின் மேற்புறம் வரை உள்ள அளவு. இதனை 2.69ஆல் பெருக்கி 24.2 கூட்டினால் உயரம் கிடைக்கும். இரண்டாவது, கணைக்கால் எலும்பின் நீளம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே உட்புறத்தில் கையில் தட்டுப்படும் எலும்பு விளிம்பிலிருந்து, உட்புறக் கணுக்கால் மொட்டின் கீழ் விளிம்பு வரை உள்ள அளவு. இதனை 3.26ஆல் பெருக்கி 30.8 கூட்ட வேண்டும். மூன்றாவது, மேற்கையின் நீளம். தோளின் உச்சி எலும்பிலிருந்து முழங்கை வரை. இதனை 4.35ஆல் பெருக்கி 21.8 கூட்ட வேண்டும். எல்லாம் சென்டிமீட்டரில்.

நான் சொன்ன சிறுவனின் முழங்கால் உயரம் 30 சென்டிமீட்டர். 30ஐ 2.69ஆல் பெருக்கினால் 80.7, அதனுடன் 24.2 கூட்டினால் 104.9. இவ்வாறுதான் 105 கிடைத்தது. இம்மூன்றனுள் முழங்கால் உயரமே மிகவும் நம்பத்தக்கது. அதன் வழி வரும் பிழை ஏறத்தாழ 1.1 சென்டிமீட்டர். கணைக்காலின் வழி வருவது 1.4, மேற்கையின் வழி வருவது 1.7. முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்க இயலாத குழந்தைக்குக் கணைக்கால் எலும்பை அளப்பதே எளிது. அதற்கு ஒரு சாதாரண நாடா போதும். முழங்கால் உயரத்திற்கு, நகரும் கரம் பொருத்திய அளவுகோல் தேவை. அதனையும் காலிப்பர் என்றே சொல்வர். காலில் மாட்டும் காலிப்பர் வேறு, இது வேறு என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்க.

அளக்கும்பொழுது சில ஒழுங்குகள் வேண்டும். காலணியையும் கால்தாங்கியையும் கழற்றிவிட வேண்டும். இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத குழந்தைக்குப் பாதிப்புக் குறைந்த பக்கத்தை அளக்க வேண்டும். அடுத்த முறையும் அதே பக்கத்தையே அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி காண்பது நன்று. ஒருவர் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் அளக்க வேண்டும். தசை இறுக்கமுடைய குழந்தை அழுதால் மேலும் இறுகும். ஆதலால் அவசரம் ஆகாது. எடை பார்க்கத் தனி நாற்காலித் தராசு இல்லையெனில், தாய் குழந்தையோடு நின்று ஒரு முறை, தனியே நின்று ஒரு முறை எடை பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். மேற்கையின் பின்புறத் தோல்மடிப்பின் தடிமனை அளந்து, உடலில் சேமிப்புக் கொழுப்பு எவ்வளவு என்று அறியும் முறையும் உண்டு. அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது.

இவ்வாய்பாடுகள் அமெரிக்கக் குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டவை. நம் குழந்தைகளுக்கு இவை மதிப்பீடு தருமேயன்றி முடிந்த முடிபைத் தாரா. இதனால் மனந்தளர வேண்டுவதில்லை. இன்று எடுத்த ஒரு தனி அளவைவிட, இன்றைய அளவுக்கும் மூன்று மாதம் கழித்து எடுக்கும் அளவுக்கும் இடையே உள்ள மாற்றமே நமக்கு வேண்டியது. வாய்பாடே இல்லாமற்போனாலும், கணைக்கால் எலும்பு சென்ற ஆண்டு 22, இந்த ஆண்டு 23 என்று குறித்து வைத்தால், பிள்ளை வளர்கிறது என்பதற்கு அதுவே சான்று.

'இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் மெலிந்திருப்பார்கள்' என்றொரு சொல் நம்மிடையே வழங்குகிறது. இச்சொல்லில் பாதி உண்மை உண்டு. உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பாருங்கள். இரு கால்களுக்கும் உணவு ஒன்றே. ஆயினும் பாதிக்கப்பட்ட கால் சற்றுக் குட்டையாகவே வளர்கிறது. உணவு மட்டுமே வளர்ச்சியன்று. நடத்தலும் ஊன்றுதலும் எலும்பை வளர்க்கின்றன என்பது இதனால் புலனாகும். ஆனால் மறுபாதி, நாம் திருத்தக்கூடிய குறை. மெல்ல இயலாமை, விழுங்க இயலாமை, உண்டது எதுக்களித்தல், மலச்சிக்கல், பசியை வாய்விட்டுச் சொல்ல இயலாமை ஆகியவை சேர்ந்து குழந்தையைப் பட்டினியில் ஆழ்த்துகின்றன. ஒருவேளைச் சோற்றை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். தாய் களைத்துப் போகிறாள். குழந்தையும் களைத்துப் போகிறது. தட்டில் பாதி மீதியாகிறது. எது இயற்கை, எது பட்டினி என்று பிரித்துக் காட்டுவது அளவு ஒன்றே.

இங்கு நோன்பின் அருமை அறிந்தவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். இவ்வூரோ தசை வற்றிய உருவத்தைத் தாமே வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைப் போற்றும் ஊர். அறிந்து மேற்கொள்வது நோன்பு. அறியாமல் வந்து சேர்வது பட்டினி. தானே தேர்ந்துகொள்ளாத மெலிவை எந்தக் குழந்தையின் மீதும் நாம் விதியென்று சுமத்தலாகாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மூளை முடக்குவாதம் உடைய 25,545 குழந்தைகளின் எடைகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 5 நிலைகளின்படி, தானே நடக்கும் குழந்தை முதல் தலையை நிறுத்தவும் துணை வேண்டும் குழந்தை வரை தனித்தனியே வரைபடங்கள் வரைந்தார்கள். ஒரே நிலையிலுள்ள குழந்தைகளுக்குள்ளும், எடை மிகக் குறைந்தவர்களிடம் நோயும் இறப்பும் மிகுதியாக இருந்தன என்று அது கண்டது. ஒத்த குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இவ்வரைபடங்கள் உதவும். ஆனால், 'இந்தக் குழந்தைகளின் சராசரிக்குச் சரியாக இருக்கிறான்' என்பதையே ஊட்டத்திற்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வல்லுநர்கள் 2017ஆம் ஆண்டில் அறிவுறுத்தினார்கள். பசித்த பலரின் சராசரி, நிறைந்த வயிற்றுக்கு அளவுகோலாகாது.

அளந்த பின் செய்ய வேண்டியவை பலவும் எளியவை. நிமிர்த்தி அமர வைத்து, தலை பின்னே சாயாதபடி தாங்கி, சிறு கரண்டியால் ஊட்டுதல். படுத்த நிலையில் ஊட்டாதிருத்தல். கூழின் அளவைக் கூட்டாமல் அதன் சத்தைக் கூட்டுதல். நெய், பருப்பு, தயிர், கேழ்வரகு, அரைத்த நிலக்கடலை ஆகிய யாவும் நம் அடுக்களையிலேயே இருப்பவை. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லங்களில், மூன்று வேளை உணவைப் பகலிலேயே ஐந்து வேளையாகப் பகிர்ந்து தரலாம். இரவிலும் உணவு வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், குழந்தையின் உடல்நிலையே முதன்மை என்பதைப் பெரியவர்கள் வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும். உண்ணும்போது அடிக்கடி புரையேறினாலோ, நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தாலோ, வீட்டு வைத்தியத்தில் நில்லாமல் மருத்துவரிடம் செல்க. அசைவு குறைந்த சில குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குழாய் வழி உணவு பெறுவோர்க்கு, எடை மிகுந்துவிடுவதும் உண்டு. அதனையும் அளவே காட்டித் தரும்.

நான் குறிப்பிட்ட சிறுவனுக்கு உணவு முறை மாற்றப்பட்டது. ஆறு மாதத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடினான். அவன் இன்றும் நடக்கவில்லை. நடப்பான் என்று எவரும் உறுதி கூறவுமில்லை. ஆனால் முன்போல் மாதம் ஒரு முறை காய்ச்சலில் விழுவதில்லை என்கிறாள் அவன் தாய்.

உதவி பெறும் வழிகளையும் சுருங்கச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் மூளை முடக்குவாதமும் ஒன்று. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, 18 வயது வரை உள்ள குழந்தைகளைப் பரிசோதித்து, மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகிறார்கள். நம் நிலையத்தில் இரயிலேறினால் ஒரு புறம் சென்னை, மறுபுறம் அரக்கோணம் வழியாகக் காட்பாடி. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையிலும், 1985 முதல் சென்னையில் இயங்கிவரும் வித்யாசாகர் நிறுவனத்திலும் இத்துறையில் தேர்ந்தோர் உள்ளனர். செல்லும்போது, "என் பிள்ளையின் முழங்கால் உயரத்தை அளந்து எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வோர் ஆண்டும் சக்கர நாற்காலியும் மூன்று சக்கர வண்டியும் வழங்கி வருகிறீர்கள், அப்பணி தொடர்க. அதனோடு, அளக்கும் காலிப்பர் ஒன்று, நல்ல நாடாக்கள் சில, அமர்ந்து எடை பார்க்கும் தராசு ஒன்று ஆகியவற்றை இம்மண்டபத்தில் நிலையாக வைத்தருள வேண்டும். இரண்டாவதாக, மூன்று மாதத்திற்கு ஒரு நாளை அளவு நாளாகக் குறித்து, இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பெற்றோருக்கும் அவர் கையாலேயே பயிற்சி தரச் செய்ய வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஏடு. அதில் நாள், எடை, முழங்கால் உயரம் அல்லது கணைக்கால் நீளம், எந்தப் பக்கம் என்ற குறிப்பு, அளந்தவர் பெயர் ஆகியவை போதும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதித் தரலாம். அப்பணிக்கு நான் முதலில் வருகிறேன்.

இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு நாள் விருந்தின் செலவைவிட மிகாது. பெற்றோர்களே, அடுத்த அளவு நாள் குறிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று இல்லம் திரும்பியதும் ஒரு நாடாவை எடுத்து, உங்கள் பிள்ளையின் கணைக்காலை அளந்து, தேதியிட்டு எழுதி வையுங்கள்.

 எல்லா உயிர்களும் நலம் பெறுக.